மூன்று சின்ன வெட்டு

டொக்டரைப் பார்க்க வருகிறவர்களுக்கு வரிசை நம்பர் எழுதிக் கொடுக்கிற வேலையில் முதலில் பழக வேண்டியது, பெண்கள் வாய்க்குள் முணுமுணுப்பதைக் காதில் வாங்குவதுதான். சண்டைக்காலத்தில் கொழும்பு வெள்ளவத்தையில், பெண்களின் வருத்தம் பார்க்கும் டொக்டர் ஒருவரின் கவுண்டரில் இருந்தேன். மாதத்தில் பத்து நாள் தீட்டு நிற்காமல், கறுப்புப் பாவாடையை மட்டுமே நம்பி வெளியே போகும் சகோதரிகளே, நானும் உங்களில் ஒருத்திதான்.

பை யாருக்கு?

வதனி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கொட்டாஞ்சேனையில் மாமியார் வீட்டில் தங்கியிருந்தாள். கல்யாணமாகி ஐந்து வருஷம், பிள்ளை இல்லை. கர்ப்பப்பையில் மாங்காய் அளவில் கட்டி. பையோடு சேர்த்து எடுக்கத்தான் வேண்டும் என்று யாரோ சொல்லிப் பயமுறுத்தியிருந்தார்கள். எங்கள் டொக்டரோ, மூன்று சின்ன வெட்டுப் போட்டு, கமரா விட்டு, கட்டியை மட்டும் துண்டு துண்டாக எடுக்கலாம் என்றார். வெளியே வந்தவள் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"அப்ப என்ர பை எனக்குத்தானே, அக்கா?"

மாமியாரின் விசாரணை

ஒப்பரேஷன் முடிந்து மூன்றாம் நாளே வதனி வீட்டில் நடமாடினாள். அதுதான் மாமியாருக்குப் பொறுக்கவில்லை. அவர் பார்த்த ஒப்பரேஷன் எல்லாம் வயிற்றில் ஒரு சாண் தையலும், ஆறு கிழமைப் படுக்கையும். மூன்று பிளாஸ்டரைக் காட்டி ஏமாற்றுகிறோம் என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். டொக்டர் கட்டியின் படத்தைக் காட்டிய பிறகுதான் உட்கார்ந்தார்.

"தேங்காயை உடைக்காமல் உள்ளுக்குள்ள பூவைத் துருவி எடுத்த மாதிரியல்லோ கிடக்கு!"

வெட்டும் வெடியும்

மறுபடி காட்ட வரச் சொன்ன நாளில் வதனியைக் காணவில்லை. டெலிபோன்தான் வந்தது. வெள்ளவத்தைக் காலி வீதி செக்பொயின்ட்டில் இருந்து ஒரு பெண் பொலிஸ், சிங்களத்தில். சோதித்தபோது வயிற்றில் மூன்று தழும்பைக் கண்டு, என்ன காயம் என்று கேட்டிருக்கிறாள். சிங்களம் தெரியாத வதனி பயத்தில் "வெட்டினது, வெட்டினது" என்றிருக்கிறாள். அவள் காதில் அது 'வெடி' என்று விழுந்திருக்கிறது; சிங்களத்தில் 'வெடி' என்றால் துப்பாக்கிச் சூடு. யாழ்ப்பாண ஐடென்டி கார்ட், மூன்று வெடி! ஸ்டேஷனுக்குக் கொண்டுபோக ஜீப்பும் வந்துவிட்டது. நல்லவேளை, கைப்பையில் எங்கள் டொக்டரின் கார்ட் இருந்தது.

 கட்டி, கமரா, வெட்டு என்று எனக்குத் தெரிந்த சிங்களம் முழுவதையும் கொட்டினேன். அந்தப் பக்கம் அவள் ஜீப்பைத் திரும்பிப் போகச் சொல்வது கேட்டது. பிறகு அவள் குரலைத் தணித்து, தனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில் சொன்னாள்:

"உங்கட ஆள் இப்ப பஸ்ஸில ஏத்துறது. எங்கட அக்காவுக்கும் இந்தக் கட்டி, ஒரு நம்பர் தர ஏலுமா?"

நாட்டையே இரண்டாக வெட்டி வைத்திருந்தவர்களுக்குத் தெரியாமல், எங்கள் கட்டிகள் மட்டும் ஒரே வரிசையில் நம்பர் எடுத்துக் காத்திருந்தன.