செல்லுக்கு மாலை போட்டேன்

எங்க வயலு கடைமடை. வாய்க்கால் தூர் வாரி ஏழெட்டு வருசமாச்சு, தண்ணி வந்து சேரல. கட்சியில கிளைச் செயலாளர் ஆனா அதிகாரிங்க நம்ம பேச்சைக் கேப்பாங்களேன்னு, நானும் நிக்கிறேன்னு சொன்னேன். நாப்பது வருசமா கொடி புடிக்கிறவன் நான். மொதக் கொடி என் சம்சாரத்தோட புதுப்புடவையக் கிழிச்சுத் தச்சது. அதுக்கு வாங்குன திட்டு தனிக்கதை.

தேர்தல் வழக்கம்போல ரைஸ்மில் மொதலாளி வீட்டுலதான். எங்க எல்லாரோட உறுப்பினர் அட்டையும் அவரு பீரோவுலதான் இருக்கும். எங்ககிட்ட இருந்தா தொலைச்சிடுவோமாம்.

"நீங்க எப்புடிண்ணே நிக்க முடியும்?"னு மொதலாளி சிரிச்சாரு. "என் மவன முன்மொழிஞ்சதே நீங்கதானே!"

காயிதத்தைக் காட்டுனாரு. என் கைநாட்டேதான். பயிர் நிவாரணத்துக்குன்னு போன மாசம் மில்லுல வாங்குனாங்களே, அது.

மவன் இருக்கிறது சிங்கப்பூர்ல. போட்டியில்லாம ஜெயிச்சிட்டு வீடியோவுல வந்தாரு. முன்மொழிஞ்சவருதான் மாலை போடணும்னாங்க. செல்லுக்குப் போட்டேன். மூஞ்சி மறைஞ்சு போச்சு. பூவ விலக்கிட்டு, "தம்பி, நம்ம கடைமடை வாய்க்கால மட்டும் தூர் வாரிக் குடுத்துடுங்க"ன்னேன்.

"கண்டிப்பா பெரியப்பா"ன்னாரு. "அது எந்தப் பக்கம் இருக்கு?"