பிரேக் நாளில் வேலை பார்த்தவன்

போர்ட் பிளேயரில் ஒரு ஐஸ் கம்பெனியில் பதினோரு வருடமாக அம்மோனியா கம்ப்ரசர் ஓட்டுகிறேன். எட்டாவதோடு படிப்பை விட்டவன். ஆனால் சத்தத்தைக் கேட்டே எந்த வால்வு தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். காகிதத்தில் எட்டு மணி நேர வேலை. வீடு இருக்கும் கராச்சர்மாவிலிருந்து முதல் பஸ்ஸில் போனால் இருட்டின பிறகுதான் திரும்புவேன். மீன் படகுகள் ஐஸ் கேட்டு நிற்கும்போது மணி பார்க்கக் கூடாது என்பார் சூப்பர்வைசர். அவர் மட்டும் பார்ப்பார். ஐந்தானதும் கிளம்பிவிடுவார்.

நிரந்தர ஆபரேட்டர் ஒருவர் இருந்தார். அண்ணன் என்று கூப்பிடுவேன். இருவருக்கும் ஒரே வேலை. அவருக்கு மாதச் சம்பளம், பி.எஃப்., லீவு. எனக்கு ஒப்பந்தக்காரர் மூலம் நாள்கூலி. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ‘பிரேக்’ வேறு. மூன்று நாள் என் பெயர் வருகைப் பதிவில் இருக்காது. நான்காம் நாள் புதிதாகச் சேர்ந்தவனாகிவிடுவேன். தொடர்ந்து வேலை பார்த்தேன் என்று யாரும் உரிமை கேட்டுவிடக் கூடாதல்லவா, அதற்காக.

முதல் பிரேக்கிலேயே எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அந்த மூன்று நாளில் வேறு ஆளைப் போட்டு, அவன் நன்றாக ஓட்டிவிட்டால்? நானே சூப்பர்வைசரிடம் போய், சும்மா வந்து நிற்கட்டுமா என்று கேட்டேன்.

"டென்ஷன் மத் லோ தம்பி, கவலைப்படாத. வர்றதுன்னா வா, கையில பாதிக் கூலி தர்றேன். லாக் புக்ல மட்டும் அண்ணன் பேரைப் போட்டுரு" என்றார்.

மணிக்கு ஒரு தரம் பிரஷரையும் ஐஸ் உறையும் உப்புத்தண்ணீர்த் தொட்டியின் குளிரையும் எழுதி, ஓரத்தில் பெயர் போட வேண்டிய புத்தகம் அது. அவர் சொன்னபடியே போட்டேன். அண்ணன் அந்த நாட்களில் வீட்டில் இருப்பார், முழுச் சம்பளத்தோடு. என் புண்ணியத்தில் மனைவியின் வசவைக் கூடுதலாக வாங்குவதாகச் சொல்லிச் சிரிப்பார். நானும் சிரிப்பேன்.

சிரித்தாலும், அந்த நாட்களில் நான் வேலை பார்த்ததற்குச் சாட்சி வேண்டும் என்று பட்டது. ஒவ்வொரு பிரேக்கிலும் அந்தப் பக்கங்களை மொபைலில் படம் பிடித்து வைத்தேன். பெயர் யாருடையதாக இருந்தால் என்ன, என் கோணல் எழுத்து காட்டிக்கொடுத்துவிடும் என்று ஒரு தைரியம்.

அண்ணன் ஓய்வு பெறும் காலம் வந்தது. இடைவெளி இல்லாமல் வேலை பார்த்திருக்கிறேன், அவர் இடத்தை எனக்குத் தர வேண்டும் என்று தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுத்தேன். மாதம் பிறந்தால் சம்பளம், எட்டு மணி முடிந்தால் வீடு. வேறொன்றும் நான் கேட்கவில்லை.

விசாரணைக்கு அண்ணனும் சூப்பர்வைசரும் வந்திருந்தார்கள். மொபைலை அதிகாரியிடம் நீட்டினேன். ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்துவிட்டு, எழுதியது நீதானா என்று இந்தியில் கேட்டார். நான்தான் என்றேன், பெருமையாக. பெயர் யாருடையது என்றார். அண்ணனைக் காட்டினேன். அப்படியானால் அடுத்தவர் பெயரில் பொய்யாக எழுதியிருக்கிறாய், அதையும் குறித்துக்கொள்ளட்டுமா என்றார்.

யார் சொல்லி எழுதினாய் என்று அவர் கேட்கவில்லை. சூப்பர்வைசர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன்தான் என் பக்கம் குனிந்தார்.

"வேணாம்டா. நான் வீட்ல இருந்தேன்னு தெரிஞ்சா எனக்கு வர வேண்டிய செட்டில்மென்ட்டை நிறுத்திருவாங்க. உனக்கென்ன, எங்கேயும் பொழைச்சுக்குவே."

மனுவை வாபஸ் வாங்கினேன்.

அண்ணன் இடத்துக்கு மெயின்லேண்டிலிருந்து கப்பலில் ஒருவர் வந்தார். டிப்ளமா படித்தவர். முதல் மாதம் முழுக்க என்னிடம் கேட்டுக் கேட்டுத்தான் வால்வைத் திறந்தார், மரியாதையாக. அடுத்த பிரேக்கில் வேலைக்குப் போவதில்லை என்று வீட்டில் உட்கார்ந்தேன். காலை பத்து மணி வரைதான் இருக்க முடிந்தது. அவருக்குப் போன் செய்து எண்ணெய் பிரஷர் எவ்வளவு என்று கேட்டேன். சொன்னார். சரியாகவே இருந்தது. பின்னால் கேட்ட மெஷின் சத்தத்திலும் ஒரு குறை இல்லை.

போனை வைத்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு வேகமாக நடந்தேன்.