ரேமுக்குப் பொருத்தம் பார்ப்பவள்

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் எனக்குத் தெரியும், நான் தூக்கி வளர்த்த பிள்ளைதானே. ஊரார் அவளுக்கு வைத்த பெயரைத்தான் போனில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவள் கையில் ஏதோ வேலை. "அத்தை, அந்தப் போனைக் கொஞ்சம் எடுங்களேன்" என்றாள். எடுத்தேன். "பொருத்தம் அக்கா இருக்காங்களா?" என்றது ஓர் இளவட்டக் குரல். என்ன விஷயம் என்றேன். "எங்கிட்ட பதினாறு ரெண்டு இருக்கு. ரெண்டும் சேருமான்னு பார்த்துச் சொல்லணும்." எனக்குச் சுருக்கென்றது. "பதினாறு வயசுல என்னப்பா அவசரம்? ரெண்டும் படிக்கட்டும்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அவள் மேஜையில் கவிழ்ந்துகொண்டு சிரித்தாள். "அத்தை, அது வயசு இல்ல, ஜிபி. ரேம். நல்ல வேளை, போலீஸ்ல சொல்லிடுவேன்னு மிரட்டாம விட்டீங்களே!"

அவள் என் ஓரகத்தியின் கடைசித் தம்பி மகள். அந்தத் தம்பி ரேடியோவைப் பிரித்துப் போட்டுவிட்டு, திரும்ப மாட்டத் தெரியாமல் திருதிருவென்று முழிப்பவர். கடைசியில் எப்படியும் இரண்டு திருகாணி மிச்சம் இருக்கும். "ராசிக்கு இருக்கட்டும்" என்று பையில் போட்டுக்கொள்வார். மகளுக்குப் பிரிக்கிற கை அப்படியே வந்திருக்கிறது. மாட்டுவதை அவளே கற்றுக்கொண்டாள். முப்பது தாண்டிவிட்டது, கல்யாணம் ஆகவில்லை. "ஊருக்கெல்லாம் பொருத்தம் பார்க்குறியே, உனக்கு?" என்று அவள் அண்ணி வாரம் தவறாமல் குத்துவாள். "எனக்கான போர்டு இன்னும் கடைக்கு வரல அண்ணி" என்பாள் இவள், தலை நிமிராமல்.

அண்ணன் செருப்புக்கடை வைத்திருக்கிறான். கடையின் முன்மூலையில், கண்ணாடியை ஒட்டி, ஒரு மேஜை போடும் அளவுக்கு இவளுக்கு இடம். ஒரு பக்கம் செருப்புப் பசை வாசம், மறுபக்கம் புது வயர் வாசம். செருப்பு வாங்க வருகிறவர்கள் ஒற்றைக் காலில் நின்றபடியே இவள் வேலையை வேடிக்கை பார்ப்பார்கள். விளையாட்டுக்கென்றே கம்ப்யூட்டர் சொல்லிச் செய்துகொள்கிறவர்கள் இப்போது நிறைய இருக்கிறார்கள். பெட்டி, விசிறி, விளக்கு, எல்லாம் அவரவர் இஷ்டத்துக்கு. மற்றதையெல்லாம் எந்தக் கடையிலும் வாங்கிக்கொள்வார்கள். ரேம் வாங்குவதற்கு முன்னால் மட்டும் இவளிடம் வந்து நிற்பார்கள்.

ரேம் என்றால் என்ன என்று ஒரு நாள் கேட்டேன். "சாமான் எல்லாம் பரண்ல இருக்கும் அத்தை. சமைக்கிற நேரத்துல வேணுங்கிறதை மட்டும் மேடையில எடுத்து வெச்சுப்பீங்கல்ல? அந்த மேடைதான் ரேம். மேடை சின்னதா இருந்தா விளையாட்டு திக்கும்." விரல் நீளப் பட்டை, அடியில் பொன்னிறப் பல்வரிசை, நடுவில் ஒரு வெட்டு. அந்த வெட்டுதான் ஜாதகம் என்பாள். நாலாம் தலைமுறை ரேமுக்கு ஓரிடத்தில், ஐந்தாம் தலைமுறைக்குக் கொஞ்சம் தள்ளி. "தலைமுறை மாறினா சம்பந்தமே கிடையாது. அழுத்தினா, ரேம் உட்கார்ற போர்டே போயிடும்."

வேலையைத் தொடுவதற்கு முன்னால் வளையலைக் கழற்றி வைத்துவிட்டு, பெட்டியின் வெற்று இரும்பை ஒரு முறை தொட்டுக்கொள்வாள். உடம்பில் இருக்கும் மின்சாரம் அதில் இறங்கிவிடுமாம். பார்க்கிறவர்களுக்குக் கும்பிடுவது போலத்தான் இருக்கும். ரேமின் பல்லில் விரல் வைத்தால் அவளுக்குக் கோபம் வரும், வாயால் ஊதினால் அதைவிட. "எச்சில் தெறிக்கும், தள்ளி நில்லுங்க!" ஓரத்தைப் பிடித்துக் குழியில் இறக்கி, 'டிக்' என்று சத்தம் வரும்வரை மூச்சுவிட மாட்டாள். இரண்டு ரேம் என்றால் பக்கத்தில் பக்கத்தில் வைக்க மாட்டாள். நாலு குழியில் ஒரு குழி விட்டு ஒரு குழி. "ரெண்டும் சண்டையா?" என்றேன். "இல்ல, ஆளுக்கொரு வழி. அப்போதான் சீக்கிரம் போய்ட்டு வரும்."

ஒரு பெரியவர், பேரனுக்கு என்று ஆசையாக வாங்கிய ரேமைக் கொண்டுவந்தார். பாதி நீளம்தான் இருந்தது. மடியில் வைக்கும் கம்ப்யூட்டருக்கானது. "கொஞ்சம் இழுத்து மாட்ட முடியாதாம்மா?" என்றார். இவள் சிரிக்கவில்லை. "சின்னவங்க சட்டையைப் பெரியவங்களுக்குப் போட முடியாதுல்ல ஐயா. பிரிக்காம வெச்சிருக்கீங்க, மாத்திக் குடுப்பாங்க" என்று, கடையில் என்ன கேட்டு வாங்க வேண்டும் என்பதைச் சொல்லி, அவர் தப்பில்லாமல் திருப்பிச் சொல்லும்வரை நிறுத்திவைத்து அனுப்பினாள்.

அவள் விடாமல் சொல்கிற பேச்சு ஒன்று உண்டு. "ஒரே டப்பாவுல பிறந்ததா?" இரண்டு ரேம் வேண்டுமானால் இரண்டாக அடைத்து விற்கிற ஒரே டப்பாவில் வாங்க வேண்டும். அதே கம்பெனி, அதே அளவு, அதே வேகம் என்று தனித்தனியாக வாங்கிச் சேர்த்தால் போதாது. மேலே ஒட்டிய பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கும் சில்லு வேறு இடத்துச் சரக்காக இருக்கலாம். சில சமயம் ஒத்துப்போகும், சில சமயம் நடுவழியில் காலை வாரும்.

இவ்வளவு சொல்கிறவள்தான் அந்தத் தப்பைச் செய்தாள்.

செருப்பு வியாபாரம் கூடிவிட்டது. மூலை தனக்கு வேண்டும் என்று அண்ணன் சொல்லிவிட்டான். கெட்டவன் இல்லை, இடம் இல்லாதவன். "நிலையா ஒரு வேலை வந்தா இந்தத் தொழில்லயே இரு. இல்லன்னா மேஜையை எடுத்துட்டு, கடையில கணக்குப் பார்க்க வா" என்றான். அந்த நேரம் பார்த்துத்தான், ஊரார் 'ஜிம்' என்று கூப்பிடுகிறவர் வந்தார். முன்பு உடற்பயிற்சிக்கூடம் நடத்தி, எடைகளையெல்லாம் விற்றுவிட்டு அதே கூடத்தில் விளையாட்டுக் கம்ப்யூட்டர்களை வரிசையாகப் போட்டவர். பெட்டியை ஒற்றைக் கையில் தீப்பெட்டி போலத் தூக்கி வருவார். புதிதாக ஒன்று செய்து கொடு, கூடத்தில் வைக்கப்போகிற விளையாட்டுப் போட்டியில் அது நடுவில் நிற்காமல் ஓடினால் கூடம் முழுவதையும் நீயே பார்த்துக்கொள் என்றார்.

செய்தாள். ஒரே டப்பா ரேம் இரண்டும் போட்டாள். அவர் பழைய பெட்டியிலிருந்து இன்னும் இரண்டைக் கழற்றி வந்தார். அதே பெயர், அதே நிறத்தில் எரியும் விளக்கு. "நாலும் எரிஞ்சாத்தாம்மா கெத்து. ரெண்டு இருட்டா இருந்தா பல்லு விழுந்த கிழவன் மாதிரி இருக்கு." அவள் வாயைத் திறந்தாள், மூடினாள். நாலையும் மாட்டிவிட்டாள். எனக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அன்று "ஒரே டப்பாவா" என்ற கேள்வி வரவே இல்லை.

போட்டிக்கு முந்தின நாள் எனக்குக் கண் மருந்து வாங்கப் போகிற வழியில் அவளுக்குப் போன் வந்தது. ஆட்டத்தின் நடுவில் திரை நீலமாகி நின்றுவிடுகிறதாம். என்னையும் கூட்டிக்கொண்டே ஓடினாள். கூடத்தில் ஆளுக்கு ஒன்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். "பவர் சப்ளைதான்." "விசிறி சுத்தல." "மேஜை வாஸ்து சரியில்ல" என்றான் ஒரு குறும்பன். ஜிம் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். "நம்பிக் குடுத்தேன்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதற்கு மேல் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

கண்ணாடிக் கதவைக் கழற்றினாள். அவருடைய ரேமில் ஒன்றையும் தன்னுடையதில் ஒன்றையும் எடுத்து, ஒட்டிய தாளின் ஓரத்தில் எறும்பு எழுத்தில் இருந்ததைக் காட்டினாள். கடைசி எழுத்துகள் வேறு. "பேரு ஒண்ணு, பிறந்த இடம் வேற. தப்பு உங்க மேல இல்லண்ணா. சேராதுன்னு எனக்குத் தோணுச்சு. இடம் போயிடுமேன்னு வாயை மூடிட்டேன்."

அவர் கட்டியிருந்த கைகளை எடுத்துவிட்டு, குனிந்து அந்த எழுத்தைப் பார்த்தார். இவள் தன் இரண்டை மட்டும் ஒரு குழி விட்டு மாட்டி, பொத்தானை அழுத்தினாள்.

விசிறி சுற்றியது. விளக்கு எரிந்தது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது.

"போச்சு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். ஜிம்மின் விரல் பொத்தானை நோக்கிப் போனது. இவள் தன் உள்ளங்கையை அதன் மேல் வைத்து மூடிக்கொண்டாள். "இந்தத் தலைமுறை ரேம் இடம் மாறினா முதல் தடவை இப்படித்தான். போர்டும் ரேமும் இப்போதான் ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்சுக்குது. நடுவுல அணைச்சா முதல்லருந்து ஆரம்பிக்கும்."

"எவ்வளவு நேரம்?"

"பொறுக்கணும்ணா."

பொறுத்தோம். ஒருவன் நகம் கடித்தான். ஜிம் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். இவள் கை பொத்தானை விட்டு நகரவில்லை. திரையில் எழுத்து வந்தபோது யாரும் கத்தவில்லை, எல்லாரும் ஒன்றாக மூச்சுவிட்டார்கள். பிறகு பொழுது சாயும்வரை மாற்றி மாற்றி ஆடிப் பார்த்தார்கள். அது நிற்கவில்லை. மறுநாள் போட்டியிலும் நிற்கவில்லை.

அப்போதும் ஜிம்முக்கு அந்த இரண்டு இருட்டுக் குழிகள்தான் கண்ணை உறுத்தின. "பொம்மை ரேம் இருக்குண்ணா" என்றாள் இவள். "உள்ள ஒண்ணும் இருக்காது, வேலையும் செய்யாது. ஜோரா விளக்கு மட்டும் எரியும்."

"எங்க குடும்பத்துல அப்படி ரெண்டு மாப்பிள்ளைங்க இருக்காங்க" என்றேன். ஜிம் அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சிரித்தார். சிரித்து முடித்து, வரிசையாக இருந்த மற்றப் பெட்டிகளைக் காட்டினார். "இதுலயெல்லாம் என்னென்ன சேராம கிடக்குதோ, ஒண்ணு விடாம பாரும்மா. எனக்குப் பிடிக்காததா இருந்தாலும் சொல்லு."

அவள் வளையலைக் கழற்றி என் மடியில் போட்டுவிட்டு, முதல் பெட்டியின் பக்கம் போனாள்.

இப்போது அந்தக் கூடத்தின் பின்னறையில், ஜன்னலோரம் மேஜை போட்டு உட்கார்ந்திருக்கிறாள். காலையில் போனால் பார்க்கலாம்.