வாரத்துக்கு விட்ட குடல்

குடல் ஆராய்ச்சி செய்கிறவள் என்று தெரிந்தால் பந்தியில் என் பக்கத்தில் பாதிப்பேர் உட்கார மாட்டார்கள். மீதிப்பேர் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார்கள்.

கொடைக்கானலில் ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில் மனிதக் குடலின் செல்களை வளர்ப்பது என் வேலை. குடலின் உட்சுவரில் அரிசி நுனியளவு கிள்ளி எடுத்து, உடம்புச் சூட்டிலேயே ஒரு பெட்டிக்குள் வைத்து, வேளாவேளைக்குச் சத்துநீர் ஊற்றினால் அது குட்டிக்குட்டி உருண்டைகளாகப் பெருகும். அதன்மேல் மலைப்பூண்டுச் சாற்றை விட்டு, குடலுக்கு அது என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். தோசைமாவு பொங்கவில்லையே என்று மூடியைத் திறந்து திறந்து பார்த்தவர்கள், ஆசையாக வாங்கிய ரோஜாச் செடியைப் பட்டுப்போக விட்டவர்கள் எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்கள்தான். என் பாடு உங்களுக்குப் புரியும்.

ஆயக்குடிக் கல்யாணம்

ஒன்றுவிட்ட தங்கை கல்யாணத்துக்குப் போயிருந்தேன். சாம்பார் விழுந்ததும் பக்கத்து இலை மாமா கேட்டார், "நீ குடல் டாக்டராமே?" நான் வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை என்று சொல்லி முடிப்பதற்குள் ஆரம்பித்துவிட்டார். காலையில் தான் படுகிற அவஸ்தையை ரசம், மோர் என்று ஒவ்வொன்றாக வர வர, விடாமல் விவரித்தார். எதிர் வரிசையில் இரண்டு பேர் பாயசத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்கள். நானாவது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். கூட்டை ஒதுக்கிவிட்டு, பெருங்குடல் எங்கே வளைகிறது என்று இலையில் விரலால் வரைந்து காட்டினேன்.

எனக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்த அம்மா, கை கழுவுகிற இடத்தில் என்னை மடக்கினாள். "இனிமே யாரு கேட்டாலும் கம்ப்யூட்டர் சோலின்னு சொல்லிரு. கம்ப்யூட்டருக்குக் குடல் கெடையாது."

ராசாத்தி அக்காவின் நிபந்தனை

ராசாத்தி அக்கா கொடைக்கானலைத் தாண்டி மேல்மலைக் கிராமத்தில் பூண்டு விவசாயம் செய்கிறவர். நெஞ்செரிச்சல் என்று, நாங்கள் சாம்பிள் எடுக்கப் போகிற ஆஸ்பத்திரிக்கு வந்தார். வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்க்கும்போது ஆராய்ச்சிக்கும் ஒரு கிள்ளு எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். வழக்கமாக எல்லாரும் வலிக்குமா என்றுதான் கேட்பார்கள். அக்கா கேட்டது வேறு. "எடுத்து என்ன செய்வீங்க?" வளர்ப்போம் என்றேன். "பெருகுமா?" நன்றாகப் பெருகும் என்றேன். அந்த வார்த்தையோடு நிறுத்தியிருக்கலாம், "குட்டி போட்ட மாதிரி" என்று சேர்த்துவிட்டேன். என் வாய்க்கொழுப்பு.

மேல்மலையில் ஒருவர் ஆட்டை இன்னொருவரிடம் வளர்க்க விடுவார். வளர்க்கிறவர் தீனி போட்டுப் பார்த்துக்கொள்வார். போடுகிற குட்டியில் ஆளுக்குப் பாதி. வாரத்துக்கு விடுவது என்று பெயர். அக்கா விவரமெல்லாம் கேட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்துச் சொன்னார், "அப்ப வாரத்துக்கு விட்டதா வச்சுக்கிறேன் டாக்டரம்மா. குட்டியில பாதி எனக்கு." நான் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டேன்.

செக்போஸ்ட்டில்

செல்களுக்கான சத்துநீர் பார்க்க ரோஸ்மில்க் மாதிரி இருக்கும், விலை நகைக்கடை விலை. மதுரையில் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வரும்போது செக்போஸ்ட்டில் என் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். கொடைக்கானலுக்குள் பிளாஸ்டிக் பாட்டில் கூடாது. என் பாட்டில்களோ அத்தனையும் பிளாஸ்டிக். இது குடிக்கிறதுக்கு இல்லைங்க, சாப்பாடு என்றேன். யாருக்குச் சாப்பாடு என்றார் சோதனை செய்தவர். குடலுக்கு என்றேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

ஆய்வுக்கூடத்துக்குப் போன் போட்டு, அவர்கள் பேசி, ஆராய்ச்சிச் சாமான்தான் என்று ஒரு கடிதத்தைப் போனில் அனுப்பி, அதற்குப் பிறகுதான் விட்டார்கள். அதுவரைக்கும் அந்த மனிதர் ஒரே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். "எல்லாச் சாப்பாடும் குடலுக்குத்தாம்மா. பாட்டிலை எறக்குங்க."

பங்கு கேட்டு வந்தவர்

பலரிடம் கிள்ளி எடுத்ததில் பிழைத்தது ராசாத்தி அக்காவுடையது மட்டும்தான். ஏன் என்று கேட்காதீர்கள், எங்களுக்கே தெரியாது. அது போனால் என் ஆராய்ச்சி போச்சு, அதை நம்பி இருக்கிற வேலையும் போச்சு. அதனால் அதைக் கைப்பிள்ளை மாதிரிதான் பார்த்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை கிடையாது, தீபாவளி கிடையாது.

பூண்டு விற்க டவுனுக்கு வந்த அக்கா ஒருநாள் நேரே ஆய்வுக்கூடத்துக்கு வந்து நின்றார். மைக்ராஸ்கோப்பில் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "நல்லா தெரட்சியாத்தான் இருக்குக" என்று திருப்திப்பட்டார். அடுத்த வார்த்தை, "எம் பாதி எங்க?" இதை வீட்டில் வைக்க முடியாது, வெளியே எடுத்தால் செத்துவிடும் என்று என்னென்னவோ சொன்னேன். அசையவில்லை. எங்கள் டெக்னீஷியன் சேவியர் என் காதோரம் வந்து, "மேடம், ப்ராமிஸ் பண்ணீட்டீங்க. குடுத்துருங்க, இல்லேன்னா அந்த ஊர்ல ஒருத்தர்கூட நமக்கு சாம்பிள் தர மாட்டாங்க" என்றார்.

பாதியைச் சின்னக் குப்பிகளில் அடைத்து, 'ராசாத்தி பங்கு' என்று எழுதி உறையவைத்தோம். அதைத் திரவ நைட்ரஜன் கேனில் வைத்தால் கரண்ட் இல்லாமலே வருஷக்கணக்கில் கிடக்கும். ஆனால் நாங்கள் கேட்டிருந்த கேன் இன்னும் வந்து சேரவில்லை. மாட்டு ஆஸ்பத்திரியில் சினை ஊசிக்கு வைத்திருக்கிற கேனில் ஓர் ஓரமாக இடம் கேட்டு வாங்கினோம். ஜெர்சிக் காளைகளின் விந்துக்குப் பக்கத்தில் ஒரு மனுஷியின் குடல். இதை எப்படிச் சொல்வது என்று நான் மென்று விழுங்க, அக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "எம் மாடு செனையானதே அந்தக் கேன்லதான். அங்கயே கெடக்கட்டும்."

மழை

அப்புறம் அந்த மழை வந்தது. காற்றில் மரம் சாய்ந்து கரண்ட் போனது போனதுதான். ஜெனரேட்டரில் டீசல் தீர்ந்தது. பெருமாள்மலைப் பக்கம் ரோட்டில் மரங்கள் விழுந்து கிடந்ததால் கீழேயிருந்து வண்டி ஏற முடியவில்லை. சேவியர் பக்கத்து லாட்ஜ்களில் வெந்நீர்ப் பைகளை இரவல் வாங்கி வந்தார். பெட்டியைச் சுற்றி அடுக்கி, என் ஸ்வெட்டரையும் கழற்றிப் போர்த்தினேன். கொடைக்கானல் குளிருக்கு அதெல்லாம் எந்த மூலைக்கு?

கரண்ட் வந்ததும் மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். உருண்டைகள் எல்லாம் கறுத்துச் சுருங்கி உதிர்ந்து கிடந்தன. வெட்கமில்லாமல் வாய்விட்டு அழுதேன். மாட்டு ஆஸ்பத்திரிக் கேனில் இருந்தது பத்திரமாகத்தான் இருந்தது. சட்டப்படி அதை எடுக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் அது அக்காவின் பங்கு என்று தலையாட்டியது நான்தானே. சேவியர் டீயை நீட்டி, தயங்கித் தயங்கிச் சொன்னார், "மேடம், அழுறதை கொஞ்சம் மிச்சம் வைங்க. அக்காகிட்ட போய்க் கேக்கணும்ல."

மேல்மலையில்

வெள்ளனே கிளம்பி முதல் பஸ்ஸில் போனேன். அக்கா வாசலில் பூண்டைக் காய்ந்த தண்டோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். வழியெல்லாம் யோசித்து வைத்த பேச்சு எதுவும் வாயில் வரவில்லை. "அக்கா, எம் பங்கு பூராம் செத்துப்போச்சு" என்றேன்.

கட்டிக்கொண்டிருந்த கை நின்றது. "பசியிலயா?"

"இல்லக்கா, சாப்பாடெல்லாம் வச்சேன். கரண்ட் இல்லாம குளிர்ல போயிருச்சு."

"குளிரு ஆகாதுதான்" என்றார் அக்கா. "எனக்கே ஆகாது."

அழுகையோடு சிரிப்பும் வந்து தொலைத்தது. மூக்கைச் சிந்திக்கொண்டு, அவருடைய பாதியிலிருந்து கொஞ்சம் தந்தால் மறுபடி வளர்த்துவிடுவேன் என்று கெஞ்சினேன். தர முடியாது என்றால் நான் வேலையை விட்டுப் பெட்டியைக் கட்டிக்கொண்டு பழனிக்கு அம்மா வீட்டுக்கே போக வேண்டியதுதான் என்றும் சொன்னேன். அக்கா உள்ளே போய் வரக்காப்பி கொண்டுவந்து கொடுத்தார். நான் குடித்து முடிக்கிறவரைக்கும் பூண்டுக் கட்டுகளை எண்ணி அடுக்கினார். டம்ளரை வாங்கிக்கொண்டுதான் தீர்ப்புச் சொன்னார். "எடுத்துக்கங்க. ஆனா நீங்க வளத்த லட்சணத்தப் பாத்தாச்சுல்ல, இந்தத் தடவ மூணுல ரெண்டு பங்கு எனக்கு."

ஆக, வருஷக்கணக்கில் படித்துப் பட்டம் வாங்கிய நான், ராசாத்தி அக்காவின் குடலை இப்போது மூன்றில் ஒரு பங்குக்கு மேய்த்துக்கொண்டிருக்கிறேன்.