திருவிருந்துக்குப் போகாத லாசரஸ்

தாம்பரம் ரயில்வே பணிமனையில் முப்பத்து நாலு வருஷம் உழைத்து ஓய்வு பெற்ற லாசரஸ், முடிச்சூரில் தனியாக வாழ்ந்தார். மனைவி சாராள் புற்றுநோயில் போய் ஆறு வருஷம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. காலையில் பால் பாக்கெட் எடுக்கவும் மாலையில் வாசல் விளக்கைப் போடவும் கதவைத் திறப்பார். மற்ற நேரம் அந்தக் கதவுக்கு வேலை கிடையாது. டிவி ஓடிக்கொண்டிருக்கும், பார்க்க மாட்டார். வீட்டில் ஒரு குரல் வேண்டும், அவ்வளவுதான்.

சர்ச்சில் மைக் செட் அவர் பொறுப்பு. ஞாயிறன்று எல்லாருக்கும் முன்னால் போய் வயர்களை இழுத்துப் பொருத்திவிட்டு, கடைசித் தூணுக்குப் பக்கத்தில் ஆம்ப்ளிஃபையர் பெட்டியோடு உட்கார்ந்துவிடுவார். மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. அப்பமும் ரசமும் வாங்கச் சபையார் வரிசை வரிசையாக எழுந்து பீடத்தின் முன் முழங்காலிடுவார்கள். லாசரஸ் மட்டும் பெட்டியில் எதையாவது திருகிக்கொண்டிருப்பார். கடைசி ஆளாகப் போய்விட்டு வந்திருப்பார் என்று எல்லாரும் நினைத்துக்கொள்வார்கள். பதினோரு வருஷமாக அவர் போகவில்லை. மைக் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டதே அதற்காகத்தான்.

காரணம் அவர் தம்பி பென்னி.

பென்னி எலக்ட்ரீஷியன். கைராசிக்காரன் என்று பேர் வாங்கியவன், குடியில் விழுந்து எல்லாவற்றையும் தொலைத்தான். ஒரு சித்திரை மாத மத்தியானம் வந்து கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அண்ணே, உடம்பு முடியல. ரெண்டு நாள் படுத்துக்கிறேன்."

"குடிச்சிட்டு இந்த வாசல மிதிக்காதேன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்? போடா."

உள்ளே இருந்து சாராள், "விடுங்களேன், பாவம்" என்றாள். லாசரஸ் கேட்டைப் பூட்டினார். பென்னி சண்டை போடவில்லை. "சரிண்ணே" என்று சொல்லிவிட்டு வெயிலில் நடந்து போனான். நாலாம் நாள் அரசு ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்தது. லாசரஸ் போய்க் கையெழுத்துப் போட்டு உடலை வாங்கினார். யார் கொண்டுவந்து சேர்த்தார்கள் என்று கேட்கவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை.

கோபம் மட்டும் சேட்டுவின் மேல் போயிற்று. தெருமுனையில் பஞ்சர் கடை வைத்திருந்த சேட்டு, பென்னியோடு சேர்ந்து குடிப்பவன். அந்தக் கடையில் குடிகாரர்கள் கூடுகிறார்கள் என்று லாசரஸ் முன்பே ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து, போலீஸார் அவனை ஒரு நாள் முழுக்க உட்காரவைத்திருந்தார்கள். அடக்கம் முடிந்த மறுநாள் சேட்டு வீட்டுக்கு வந்தபோது, முகத்தைப் பார்த்ததும் கதவைச் சாத்திவிட்டார். அதன்பிறகு அந்த முனையைத் தவிர்த்துச் சுற்றுவழியாகத்தான் போவார்.

புதிதாக வந்த ஆயர் ஜெபகுமார் கவனித்துவிட்டார். ஆராதனை முடிந்து வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தவரிடம் வந்து, "ஏன் அண்ணே பந்திக்கு வரமாட்டேங்கிறீங்க?" என்றார்.

"நான் அதுக்குப் பாத்திரவான் இல்ல, ஆயரே. அந்தத் தகுதி எனக்கு இல்ல."

"பாத்திரவான்னு யாரு இருக்கா? கிருபைதானே?"

லாசரஸ் தலையாட்டினார். கிருபையைப் பற்றி எத்தனை பிரசங்கத்துக்குச் சத்தம் கூட்டிக் குறைத்திருக்கிறார். எந்த இடத்தில் ஆயரின் குரல் உயரும், எப்போது கரகரக்கும் என்பதுகூட அவருக்குத் தெரியும். அதெல்லாம் மற்றவர்களுக்கு. தம்பியை வெயிலில் அனுப்பியவனுக்கு அதில் இடம் இருப்பதாக அவருக்குத் தோன்றவே இல்லை. ஃபேன் துடைப்பார், ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றுவார், குருத்தோலை ஞாயிறுக்கு ஓலை கட்டுவார். எவ்வளவு செய்தாலும் அந்தக் கேட்டின் பூட்டு மனசுக்குள் அப்படியே தொங்கியது.

அந்த டிசம்பரில் இரண்டு நாள் விடாமல் மழை கொட்டியது. மூன்றாம் நாள் விடிந்து கண் விழித்தபோது கட்டிலின் காலைத் தண்ணீர் சுற்றியிருந்தது. எட்டு மணிக்குள் இடுப்பளவு ஏறிவிட்டது. மூட்டு வலிக்காரர்; மேஜை மேல் ஏறி உட்கார்ந்தார். கரண்ட் இல்லை, போன் அணைந்துவிட்டது. மாடி வீட்டுக்காரர்கள் முந்தின நாளே பள்ளிக்கரணை உறவினர் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார்கள். கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தார். யார் பேரைச் சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. வாயை மூடிக்கொண்டார்.

கதவை யாரோ உதைத்துத் திறந்தார்கள். மார்பளவுத் தண்ணீரில், லாரி ட்யூப் ஒன்றைத் தள்ளிக்கொண்டு சேட்டு வந்தான்.

"இன்னா சார், மேஜ மேல குந்திகினு கீற? தண்ணி ஏறிகினே கீது. வா."

லாசரஸ் அசையவில்லை. சேட்டு அவரை அணைத்துத் தூக்கி ட்யூபின் மேல் கிடத்தி, முனைவரை தள்ளிக்கொண்டே போனான். பஞ்சர் கடைக்கு மேலே ஒற்றை அறை. அவன் மனைவி கிளியம்மாள் உலர்ந்த கைலி ஒன்றைக் கொடுத்து, ஸ்டவ்வில் கஞ்சி வைத்தாள்.

நாலு நாள் அங்கே இருந்தார். முதல் இரண்டு நாள் காய்ச்சல். யாரும் அவரிடம் பழசைப் பேசவில்லை. அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் அவரே கேட்டார்.

"என்ன ஏன் தூக்கிட்டு வந்தே, சேட்டு? நான் உன்ன போலீஸ்ல மாட்டிவிட்டவன்."

சேட்டுவுக்குக் கேள்வியே விளங்கவில்லை. "தண்ணி வந்துச்சு. நீ உள்ள இருந்த. இதுல இன்னா சார் கீது?"

பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, சாதாரணமாகச் சொன்னான்: "பென்னிகூட அந்த மூலையிலதான் படுத்துகினு இருந்தான். மூணு நாளு. நான்தான் ஆட்டோல போட்டு ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போனேன். சொல்லலாம்னு வந்தேன், நீ கதவ சாத்திட்ட."

லாசரஸ் அந்த மூலையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "என்னப் பத்தி ஏதாவது சொன்னானா?" என்று கேட்டார்.

சேட்டு யோசித்துப் பார்த்தான். "இல்ல சார். பொய் சொல்லக்கூடாது. ஒண்ணும் சொல்லல. கஞ்சி கேட்டான், கொடுத்தோம். தூங்கினான்."

மன்னித்தேன் என்று பென்னி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா என்றிருந்தது. போகவில்லை. ஆனால் தம்பி வெயிலில் விழுந்து கிடக்கவில்லை. அண்ணன் பூட்டிய பிறகும் அவனுக்கு ஒரு கதவு திறந்திருக்கிறது. அதே கதவு தனக்கும், கேட்காமலே, எந்தக் கணக்கும் பார்க்காமலே திறந்திருக்கிறது. லாசரஸ் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுதார். கிளியம்மாள் பார்த்தும் பார்க்காதவள்போல அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஜனவரி முதல் ஞாயிறு. சர்ச் தரையிலும் சேற்று வாடை போகவில்லை. கடைசி வரிசை எழுந்தபோது லாசரஸும் எழுந்தார். முழங்கால் மடங்க வலித்தது. இரண்டு கையையும் ஏந்தினார். ஆயர் எல்லாருக்கும் கொடுத்ததுபோலவே அவருக்கும் கொடுத்தார். குரல் மாறவில்லை, நிற்கவுமில்லை. அப்பம் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. விழுங்கக் கஷ்டப்பட்டார். சந்தோஷம் என்று சொல்லமுடியாது. நெடுநாள் சுமந்ததைக் கீழே வைத்தபின் கை எடையில்லாமல் தானே மேலெழும்புமே, அப்படி இருந்தது.

வீட்டுக்குத் திரும்பினால் பேச ஆளில்லை, அது மாறவில்லை. சுவரில் தண்ணீர் நின்ற கோடு இன்னும் அழியவில்லை. ஒரு ஆளுக்கு உலை வைக்கிறார், ஒரு தட்டைக் கழுவிக் கவிழ்க்கிறார். சேட்டு இன்னும் குடிக்கிறான். அதற்காக லாசரஸ் அவனைக் கடிந்துகொள்வதும் உண்டு. ஆனால் இப்போதெல்லாம் சுற்றுவழியில் போவதில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்து வரும்போது கடை வாசலில் கிடக்கும் பழைய டயரின் மேல் சற்று நேரம் உட்காருகிறார். சில நாள் பென்னியைப் பற்றிப் பேசுகிறார்கள். பல நாள் ஒன்றும் பேசுவதில்லை.