அமைச்சர் ஓட்டுப் போடாத நாள்

போன சனிக்கிழமை காலை ஆறு நாற்பதுக்குச் செய்தி வந்தது. ஃப்ரீமான்ட் வீட்டு ஃபோனில் ஒரு பெண், "அப்பா சுதாவுக்குப் பேட்டி கொடுக்கச் சம்மதித்துவிட்டார். நாளை மதியம் ஸ்டாக்டனில் என் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்" என்றார், ஆங்கிலத்தில். அந்த அப்பா கிரேக்க நாட்டின் முன்னாள் அமைச்சர். சுதா என் மனைவி. அந்த அமைச்சரின் அரசியல் வாழ்க்கைதான் அவளுடைய ஆராய்ச்சி. இரண்டு வருடம் விடாமல் பேட்டி கேட்டு எழுதினாள். அவள் இறந்து இந்த வாரத்தோடு ஒரு வருடம். அதை நான் சொல்லவில்லை. "வருகிறோம்" என்றேன்.

திருநெல்வேலியில் மாமனார் வீட்டில் முதல் வருடத் திதிக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. பதினாறாம் நாளுக்கே நான் போகவில்லை. கிரீன் கார்டு விண்ணப்பம் நடுவில் நின்றது. பயண அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு வெளியே போனால் விண்ணப்பம் ரத்து. அஸ்தியை வேறொருவர் கொண்டுபோனார். இந்த முறை அனுமதி கையில் இருக்கிறது, ஆனால் அதே வாரம் ஆபீசில் சாஃப்ட்வேர் ரிலீஸ். வருவேனா மாட்டேனா என்று மாமாவுக்குப் பதிலே சொல்லாமல் வைத்திருந்தேன்.

ஸ்டாக்டனுக்கு ஏறக்குறைய அறுபது மைல். 680 நெடுஞ்சாலையில் ஏறி, பிளசன்டனில் 580க்கு மாறி, ஆல்டமான்ட் மேடு தாண்டி டிரேசி, அங்கிருந்து ஐ-5. டோல் கிடையாது. ஞாயிறு பத்தரைக்குக் கிளம்பினால் டிராஃபிக்கும் கிடையாது. பிளசன்டனில் நண்பன் செந்திலை ஏற்றிக்கொண்டேன். ஈரோட்டுக்காரன். சுதா போனபின் நான் தனியாக ஃப்ரீவேயில் போவது அவனுக்குப் பிடிப்பதில்லை. சாவியை வாங்கிக்கொண்டான்.

"யாருடா இந்தாளு? நம்மூரு மந்திரி மாதிரியா?"

"வக்கீல். பக்கா ரைட் விங். முதல்ல விவசாய மினிஸ்டர், அப்புறம் போலீஸ் இலாகா."

"கட்சி மாறுனாரா?"

"ரெண்டு தடவ."

"அப்ப நம்மாளுதான் போ."

மீதியையும் சொன்னேன். கிரேக்கத்தில் உள்நாட்டுப் போர் நடந்தது. தோற்ற இடதுசாரிகள் எல்லை தாண்டி ஓடினார்கள். அவர்களைத் திரும்ப விடவே கூடாது என்று பல வருடம் பேசியவர் இவர். கடைசியில் அவர்களைத் திரும்ப அனுமதிக்கும் மசோதா ஓட்டெடுப்புக்கு வந்த அன்று இவர் சபையில் இல்லை. பேரம் படிந்தது என்று பத்திரிகைகள் எழுதின. கட்சிக்குள் கணக்குப் போட்டு ஒதுங்கினார் என்று சுதா ஒரு அத்தியாயமே எழுதினாள். ஆனால் அவளுக்கே அதில் நம்பிக்கை இல்லை. அன்று எங்கே போனீர்கள் என்று அவரிடமே கேட்க வேண்டும் என்பாள்.

"நம்மூர்ல வெளிநடப்புன்னா கேன்டீன்ல போயி பாக்கோணும்" என்றான் செந்தில். 

மகள் வீட்டில், ஞாயிற்றுக்கிழமையிலும் முன்னாள் அமைச்சர் கோட்டு, டையோடு உட்கார்ந்திருந்தார். எண்பது வயது இருக்கும். ஆங்கிலம் நிதானமாக வந்தது.

"அந்தப் பெண் எங்கே?"

"இறந்துவிட்டாள். போன வருடம்."

செந்தில் தரையைப் பார்த்தான். பெரியவர் மகளைக் காபி கொண்டுவரச் சொன்னார். காபி வந்ததும் ஒரு வாய் குடித்தார். "சரி. நீங்கள் கேளுங்கள்."

கேட்டேன்.

"என் ஊரில் இருந்தேன். அம்மாவின் நாற்பதாம் நாள். கோதுமை அவித்து, சர்க்கரை கலந்து, கோயிலில் எல்லாருக்கும் கொடுப்போம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். கொறடா கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். கார் அனுப்புகிறேன் என்றார்." கோப்பையைத் தள்ளி வைத்தார். "அம்மா இறந்த அன்று நான் சபையில் அந்த மசோதாவுக்கு எதிராகப் பேசிக்கொண்டிருந்தேன். ஊர் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. தம்பி எல்லைக்கு அந்தப் பக்கம். அவனையும் சேர்த்துத்தான் உள்ளே விடாதே என்று பேசினேன். இரண்டு மகன்களும் இல்லாமல் புதைத்தார்கள். நாற்பதாம் நாளுக்காவது ஒருவன் இருக்க வேண்டாமா?"

"இதை ஏன் யாரிடமும் சொல்லவில்லை?"

"கணக்குப் போடுகிறவன் என்றால் அடுத்த தேர்தலில் மரியாதை உண்டு. அம்மாவுக்காகப் போனவன் என்றால் சிரிப்பார்கள்." பிறகு, "அவள் எழுதியதில் திருத்திவிடுங்கள்" என்றார்.

திரும்பும்போது டிரேசி தாண்டியதும் செந்தில் வண்டியின் வேகத்தைக் குறைத்தான். பிறகு, "சான் ரமோன்ல ஒரு டிராவல்ஸ்காரர் இருக்காரு. ஞாயித்துக்கெழமையும் ஊருக்கு டிக்கெட் போடுவாரு. கூப்புடட்டுமா?" என்றான்.

"ம்."

வீட்டுக்கு வந்து மாமாவிடம் பேசினேன். "வாங்க மாப்ள, ஒங்களுக்காகத்தான் இருக்கோம்" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

இங்கே இருப்பவர்களுக்குச் சொல்வது இதுதான். கிரீன் கார்டுக்குப் போடும்போதே பயண அனுமதிக்கும் போட்டுவிடுங்கள். வீட்டில் எல்லாரும் நன்றாக இருக்கும்போதே போடுங்கள். சிங்கப்பூர் வழி டிக்கெட் எடுத்தால், சென்னையில் இறங்கி நெல்லை ரயிலைப் பிடிக்க ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். சுதாவின் அத்தியாயத்தைத் திருத்துவதற்காக எடுத்துப்போகிறேன்.

இதை விமான நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். நாளை ரிலீஸ். மேனேஜர் விடாமல் கூப்பிடுகிறார். செல்ஃபோனை அணைத்துவிட்டேன்.