முந்நூற்றுப் பதினெட்டுக் கோடியைப் பெற்றவள்

சோப்பைப் பற்றிக் கேட்டால் ஒருவரும் பொய் சொல்வதில்லை. மெத்தை, பற்பசை, குடை எதைக் கேட்டாலும் ஏறக்குறைய உண்மையே வரும். ஆன்லைன் கேமுக்கு மாதம் எவ்வளவு செலவழிக்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், அப்போது தெரியும் மனிதர்களின் சாமர்த்தியம். பதினாறு வருடம் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஊராரைக் கேள்வி கேட்ட பிறகு சர்வேக்காரி கண்டுபிடித்த உண்மை இது.

சர்வேக்காரி என்பது தெரு வைத்த பெயர். அவள் வேலை பார்த்தது மருந்துக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருந்த ஒரு சந்தை ஆய்வு அலுவலகத்தில். எட்டு மேஜை, எட்டு போன், அடிக்கடி மக்கர் செய்யும் ஒரு பிரிண்டர். நாளுக்கு அறுபது பேரைக் கூப்பிட வேண்டும். "நான் அந்தப் பக்கம் தலைவச்சே படுக்கறதில்லைங்க" என்பார் ஒருவர். அவர் பின்னாலேயே படபடவென்று கேம் துப்பாக்கி வெடித்துக்கொண்டிருக்கும். "எங்க வீட்ல யாரும் ஒரு காசு செலவழிக்க மாட்டாங்க" என்பாள் ஒரு தாய், தன் போனிலிருந்தே போன வாரம் காசு போனது தெரியாமல். சல்லிக் காசு கட்டாத கல்லூரி மாணவனோ, "மாசம் பத்தாயிரம் போகும்" என்று அள்ளி விடுவான். செலவழிப்பவன் இல்லை என்பான், செலவழிக்காதவன் உண்டு என்பான். என் வீட்டுக்காரர் மட்டும்தான் இந்த விஷயத்தில் யோக்கியர், கேம் பக்கமே போக மாட்டார் என்று பக்கத்து மேஜைக்காரியிடம் அவள் பெருமையடித்துக்கொள்வதும் உண்டு. அவள் கணவன் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன், சாது.

அலுவலகத்தின் தலைவருக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் சராசரி சார். எல்லாப் பொய்யையும் கூட்டி வகுத்தால் உண்மை வந்துவிடும் என்பது அவருடைய திடமான நம்பிக்கை. "ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்மா" என்பார் நாளுக்கு நான்கு முறை. "ஒரே பானையா இருந்தாத்தான் சார் அந்தப் பதம் செல்லும். இது ஆளுக்கு ஒரு பானையால்ல இருக்கு?" என்பாள் அவள். அவர் சிரித்துவிட்டு அறைக்குள் போய்விடுவார்.

மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு நாள், நாலு மணிக்குள் நாட்டின் ஆன்லைன் கேம் வருமானம் மொத்தம் எவ்வளவு என்று ஓர் எண் வேண்டும் என்றார் சராசரி சார். கேம் கம்பெனிகள் வாயைத் திறக்கவில்லை. இவள் கையில் இருந்தது நானூற்றுப் பன்னிரண்டு போன் அழைப்புகள், காசு கட்டுகிறேன் என்று ஒப்புக்கொண்ட பத்தொன்பது பேர், அவ்வளவுதான். வெளியே கிடைத்த இரண்டு ஆய்வுகளில் ஒன்று நூற்றுப் பத்துக் கோடி என்றது, இன்னொன்று எழுநூறு கோடி என்றது. ஒருவர் விளம்பரத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை, மற்றவர் போன் விலையையே சேர்த்துவிட்டார் போலிருக்கிறது. அவள் பத்தொன்பதை வைத்துப் பெருக்கி, வகுத்து, கொஞ்சம் கண்ணை மூடி யோசித்து, அட்டவணையில் முந்நூற்றுப் பதினெட்டுக் கோடி என்று போட்டாள்.

அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. உறுதியான எண்ணுக்குப் பச்சைக் கட்டம், வெறும் ஊகத்துக்கு மஞ்சள் கட்டம். மஞ்சளை வைத்துக்கொண்டு தூங்கக் கூடாது, விசாரித்துப் பச்சையாக்கிவிட வேண்டும் என்பது அவள் தனக்கே போட்டுக்கொண்ட சட்டம். முந்நூற்றுப் பதினெட்டுக்கு நல்ல பளிச்சென்ற மஞ்சள்தான் அடித்திருந்தாள். ஆனால் அன்றைக்குப் பிரிண்டரில் கலர் மை தீர்ந்துபோயிருந்தது. அறிக்கை கறுப்பு வெள்ளையில் போய்ச் சேர்ந்தது.

அடுத்த வருடம் அதைச் சரிபார்க்க உட்கார்ந்தாள். வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் அறிக்கை, வழவழப்பான தாள், நூற்று நாற்பது பக்கம். அதிலும் அதே முந்நூற்றுப் பதினெட்டுக் கோடி! சர்வேக்காரிக்குத் தலைகால் புரியவில்லை. அன்று சாயங்காலம் இனிப்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். மஞ்சள் கட்டம் பச்சையானது.

இது இப்படியே போயிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அவளுடைய நாத்தனார் இருந்தாளே.

நாத்தனார் பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியை. பதினொரு வருட நிரந்தர வேலை. மாடி அறையில் அவளும் இரண்டு சிநேகிதிகளும் சேர்ந்து ஒரு கேம் செய்திருந்தார்கள். சமையல் மேடையில் ஓர் எறும்பு சர்க்கரைத் துகளைத் தூக்கிக்கொண்டு போகும். ஈரத்துணி, கரண்டி, ஊதும் குழந்தை எல்லாவற்றையும் தாண்டிச் சுவர் ஓட்டைக்குள் சேர வேண்டும். அவ்வளவுதான் கேம். ஆனால் அந்த எறும்பின் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் அதைக் கைவிட மனம் வராது. வேலையை விட்டுவிட்டு இதிலேயே முழுமூச்சாக இறங்க வேண்டும் என்று ஒரு வருடமாகத் தவித்துக்கொண்டிருந்தாள். அப்பா சரியென்று சொல்லாமல் செய்ய மாட்டேன் என்பதிலும் பிடிவாதமாக இருந்தாள்.

அப்பா லேசில் சரியென்று சொல்கிற ஆள் இல்லை. முப்பத்து மூன்று வருடம் கடைகடையாய்ப் போய் எடைக்கல்லையும் தராசையும் சோதித்து முத்திரை குத்திய ஆய்வாளர். முத்திரை இல்லாத எதையும் நம்ப மாட்டார், வானிலை அறிக்கை உட்பட. ஆனால் மகள் அந்த வழவழப்பான அறிக்கையைக் கொண்டுவந்து காட்டியதும் அவரே அசந்துவிட்டார். "முந்நூத்திப் பதினெட்டுக் கோடியா! அதுல ஒரு துளி வந்தாலும் போதுமே. சரிம்மா, லெட்டரைக் குடுத்துடு" என்றார். ராஜினாமாக் கடிதம் கொடுக்கப் பள்ளியில் கடைசி நாள் அடுத்த வாரத் திங்கட்கிழமை.

அந்தக் கடைசி நாளுக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாமனார் கூடத்தில் உட்கார்ந்து அந்த அறிக்கையை மறுபடி புரட்டிக்கொண்டிருந்தார். பழக்க தோஷம், சும்மா இருக்க முடியவில்லை. "ஏம்மா, இந்த எண்ணுக்கு முத்திரை குத்தினது யாரு?" என்று மருமகளைக் கேட்டார்.

"அடியில சின்ன எழுத்துல போட்டிருப்பாங்க மாமா, பாக்கறேன்" என்று அவள் வாங்கினாள்.

அடிக்குறிப்பில் ஒரு செய்தித்தாளின் பெயர் இருந்தது. போனில் அந்தச் செய்தியைத் தேடி எடுத்தாள். 'உள்நாட்டு ஆய்வு நிறுவனம் ஒன்றின் தகவல்' என்றது செய்தி. தேதியைப் பார்த்தாள், அவளுடைய கறுப்பு வெள்ளை அறிக்கை போய்ச் சேர்ந்த மறுவாரம். அந்த நிறுவனம் மருந்துக் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருந்தது. காக்காய் காக்காயாய் வாந்தியெடுத்தான் என்பார்களே, அந்தக் கதை. தன் ஊகம் ஊரைச் சுற்றிவிட்டு வந்து வாசலில் நின்றபோது, யாரோ விருந்தாளி என்று நினைத்து இனிப்பு வாங்கி வரவேற்றிருக்கிறாள்.

சொன்னால் நாத்தனாரின் கனவில் மண் விழும், அண்ணிக்காரிதான் கெடுத்தாள் என்ற பழியும் வரும். சொல்லாவிட்டால், பத்தொன்பது பேரையும் ஒரு காலியான மை டப்பாவையும் நம்பி அந்தப் பெண் நிரந்தர வேலையை விட்டுவிட்டு நடுத்தெருவில் நிற்பாள். மாடியிலிருந்து எறும்பு ஜெயிக்கும்போது வருகிற கிண்கிணி ஓசை கேட்டது. அவள் அறிக்கையை மூடி வைத்தாள். பிறகு நாத்தனாரைக் கீழே கூப்பிட்டு, இருவர் முன்னாலும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

"எடைக்கல்லே இல்லாம நிறுத்திருக்கே" என்றார் மாமனார். மகள் பக்கம் திரும்பி, "நான் சொன்ன சரி செல்லாதும்மா. வேலையை விடாதே" என்றார்.

நாத்தனார் அழவில்லை, சண்டையும் போடவில்லை. "நீங்க இத மூணு வருஷம் முன்னாடி சொல்லியிருக்கலாம் அண்ணி" என்று மட்டும் சொல்லிவிட்டு மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த ஒரு வரி சர்வேக்காரியைச் சுருக்கென்று குத்தியது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இருவரும் ஒரே தட்டில் சாப்பிடாத குறைதான். மூன்று நாள் பேச்சில்லை.

திங்கட்கிழமை அலுவலகத்தில் சராசரி சாரிடம் சொன்னாள். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "அப்படின்னா, நம்மள நம்பினவங்கள நாம நம்பியிருக்கோம்!" என்றார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவரோ அறைக்குள் போய், இந்த வருட அறிக்கையில் அந்த எண்ணை அடித்துவிட்டு 'உறுதியாகத் தெரியவில்லை' என்று எழுதினார். பிறகு வெளியே வந்து கலர் மை வாங்கப் பணம் கொடுத்தார்.

புதன்கிழமை சாயங்காலம் அவள் மாடிக் கதவைத் தட்டினாள்.

"உன் எறும்புக்கு இதுவரைக்கும் எத்தனை பேர் காசு கட்டியிருக்காங்க?"

"அறுபத்தொரு பேர். எதுக்கு, இதையும் பெருக்கப் போறீங்களா?"

"பெருக்க மாட்டேன், வகுக்க மாட்டேன். ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டுக் கேக்கப் போறேன். நீ பக்கத்துல உக்காந்து கேளு."

நாத்தனார் கதவை முழுசாகத் திறந்தாள்.

விளையாட்டில் சேரும்போது கருத்துக் கேட்கலாம் என்று எல்லாரும் எண் கொடுத்திருந்தார்கள். கேமுக்கென்று நாத்தனார் தனியாக வைத்திருந்த போனில், சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு ஆரம்பித்தார்கள். எவ்வளவு செலவழிக்கிறீர்கள் என்ற கேள்வியைச் சர்வேக்காரி தூக்கிப் போட்டுவிட்டாள். "எறும்பு எங்க மாட்டிக்கிச்சு?" என்றுதான் ஆரம்பித்தாள். அவ்வளவுதான், ஜனங்கள் மடை திறந்தார்கள். கரண்டியில் வழுக்கி விழுவதைப் பற்றி ஒரு பல் டாக்டர் கால்மணி நேரம் புலம்பினார். ஒரு பஸ் டிரைவர், ஈரத்துணியை எடுக்கச் சொல்லுங்கள், மனசு கேட்கவில்லை என்றார். இரண்டாம் பாகம் வந்தால் காசு கட்டுவீர்களா என்று கடைசியில் கேட்டபோது, கட்ட மாட்டேன் என்றவர்களும் கூசாமல் சொன்னார்கள். பதினாறு வருடத்தில் இவ்வளவு சுத்தமான பதில்களை அவள் கேட்டதில்லை.

முப்பத்தேழாவது எண்ணைப் படிக்கும்போது நாத்தனார் ஏனோ உதட்டைக் கடித்துக்கொண்டாள். இந்தக் காலத்தில் புருஷன் நம்பரை யார் மனப்பாடம் செய்கிறார்கள்? சர்வேக்காரி பாட்டுக்கு அழுத்தினாள்.

"ஹலோ" என்றது குரல். பின்னால் லென்ஸ் தேய்க்கிற மெஷின் ஓடியது.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, "வணக்கம் சார். எறும்பு விளையாட்டுக்கு மூணு தடவை காசு கட்டியிருக்கீங்க. எறும்பு எங்க சார் மாட்டிக்கிச்சு?" என்றாள்.

மெஷின் நின்றது. "ராங் நம்பருங்க" என்று சொல்லிவிட்டுச் சாது போனை வைத்துவிட்டான். நாத்தனார் தரையில் உருண்டு சிரித்தாள். சர்வேக்காரியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆனாலும் முப்பத்தேழுக்கு எதிரே ஒழுங்காக 'பதில் சொல்ல மறுத்தார்' என்று எழுதினாள்.

ஞாயிறு மாலைக்குள் முடிந்தது. ஒன்பது பேர் எடுக்கவில்லை. நாற்பது பேர் கட்டுவோம் என்றார்கள். பதினொரு பேர் மாட்டோம் என்றார்கள். ஒருவர் ராங் நம்பர். பெருக்கல் இல்லாத அந்தத் தாளை இருவரும் மாமனார் கையில் கொடுத்தார்கள். கணவனும் கடையிலிருந்து வந்து கூடத்து ஓரத்தில் நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தான்.

மாமனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரிவரியாகப் படித்தார். ஆய்வாளர் அல்லவா, நடுவில் மூன்று எண்ணைத் தானே தேர்ந்தெடுத்துப் போன் போட்டு, மருமகள் எழுதியது சரிதானா என்று அந்தப் பேர்வழிகளையே கேட்டுக்கொண்டார். பஸ் டிரைவர் அவரிடமும் ஈரத்துணியைப் பற்றிப் புகார் செய்தார்.

"இந்த முப்பத்தேழாவது ஆளு ஏன் பதில் சொல்லல?" என்றார்.

பெண்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஓரத்தைப் பார்த்தார்கள். கணவன் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனான். மாமனாருக்குப் புரிய அரை நிமிடம் பிடித்தது. புரிந்ததும் தோள் குலுங்கச் சிரித்தார்.

பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு மகளைக் கேட்டார். "நாப்பது பேரை வச்சுக்கிட்டு வயிறு நிறையுமா?"

"நிறையாதுப்பா. வருஷத்துக்குள்ள நாலாயிரம் பேராவது வேணும். வருவாங்களான்னு தெரியாது."

"நீ என்னம்மா சொல்றே?" என்று மருமகள் பக்கம் திரும்பினார்.

பதினாறு வருடமாக எதைக் கேட்டாலும் எண்ணோடு பதில் சொன்னவள் அவள். "எனக்கும் தெரியாது மாமா" என்றாள். "இந்த நாப்பது பேர் நெஜம். அது மட்டும்தான் தெரியும்."

மாமனார் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"வேலையை விட வேண்டாம். சம்பளமில்லாத லீவு ஒரு வருஷத்துக்குக் கேளு, தருவாங்க" என்றார். "முந்நூத்திப் பதினெட்டுக் கோடிக்குச் சரின்னு சொன்னேன்ல, அது செல்லாது. இந்த நாப்பது பேருக்குச் சரின்னு சொல்றேன். போ, லெட்டரை மாத்தி எழுதிக்கிட்டு வா."

நாத்தனார் அப்பாவிடம் போகவில்லை. நேரே வந்து அண்ணியைக் கட்டிக்கொண்டாள்.